இஞ்சி பியர் பொங்காமல் நின்றுவிட்டால்: வன்னியில் புதிதாகச் செய்கிறவர்களுக்கு

இஞ்சி பியர் போட்டு இரண்டாம் நாள் காலை மூடியைத் திறக்கிறீர்கள். 'உஸ்' என்ற சத்தம் வரவேண்டும். வரவில்லை. மேலே நுரை இல்லை. நக்கிப் பார்த்தால் முதல்நாள் ஊற்றிய அதே சீனிப்பாணி. முதன்முதலாகச் செய்கிறவர்களில் அநேகம் பேர் இந்த இடத்தில் இன்னும் ஒரு கரண்டி ஈஸ்ட்டைக் கொட்டுவார்கள், அல்லது முழுவதையும் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். நின்றுபோன பானையில் பெரும்பாலும் உயிர் இருக்கும். எது அதைத் தடுத்தது என்று கண்டுபிடித்தால் அன்று பின்னேரமே அது திரும்ப நுரைக்கத் தொடங்கலாம்.

நான் வட்டக்கச்சியில் இருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர், தகரக் கூரைக் குசினி, கிளிநொச்சிச் சந்தையில் வாங்கும் இஞ்சி. இவற்றை வைத்துத்தான் செய்து பழகினேன். வாசிக்கக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. பானையைச் சூடான மூலையில் வையுங்கள் என்று அவர்கள் சொல்வார்கள். பங்குனி, சித்திரையில் நாங்கள் தேடவேண்டியது குளிர்ந்த மூலையை. அதனால்தான் நம் வெயிலுக்கும் நம் தண்ணீருக்கும் பொருந்துகிற மாதிரி இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். லீற்றருக்கு 100 கிராம் சீனி போட்டு அதை முழுவதும் நொதிக்க விட்டால், வருவது 5 வீதத்துக்கு மேல் அற்ககோல் உள்ள மதுபானம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது இலங்கையில் மதுவரிச் சட்டப்படி குற்றம். நான் இங்கே சொல்வது ஒன்றரை, இரண்டு நாளில் வாயு ஏறியதும் குளிரில் வைத்து நிறுத்திக் குடிக்கிற பானத்தைப் பற்றி. அதிலும் சிறிதளவு அற்ககோல் இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கென்றால் ஈஸ்ட் சேர்க்காமல் இஞ்சிப்பாணியாகவே எடுத்து வையுங்கள்.

சரி, பானைக்குள் என்ன நடக்கிறது? ஈஸ்ட் சீனியைத் தின்று காபனீரொட்சைட்டையும் அற்ககோலையும் விடுகிறது. பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படித்தோமே, அதுதான். இந்த வேலையை வேண்டுமென்றே நிறுத்துகிற வித்தை நம் ஆட்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். பனையில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் இனிப்பான கருப்பணி (பதநீர்) இறங்கும். பூசாமல் விட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்றே. சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கிவிடுவதால் காற்றில் வந்து விழும் ஈஸ்ட்டால் அதில் வேலை செய்ய முடிவதில்லை. உங்கள் பானை நின்றுபோனால், உங்களுக்குத் தெரியாமலே ஏதோ ஒன்று அந்தச் சுண்ணாம்பின் வேலையைச் செய்திருக்கிறது. அது சூடாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம், கடையில் வாங்கிய ஒரு போத்தலாகவும் இருக்கலாம். அதைத் தேடுவதுதான் வேலை.

நான் போடும் கணக்கு இது: 5 லீற்றர் தண்ணீர், 250 கிராம் இஞ்சி, 500 கிராம் சீனி, மூன்று தேசிக்காய், அரைத் தேக்கரண்டி காய்ந்த ஈஸ்ட். இஞ்சியை இடித்து, சீனியோடு ஒரு லீற்றர் தண்ணீரில் கால் மணித்தியாலம் கொதிக்கவிட்டு, மிச்சம் நாலு லீற்றரையும் கொதித்து ஆறிய தண்ணீராகச் சேர்த்து வடிக்க வேண்டும். ஆறியதும் தேசிக்காய்ப் புளி. கடைசியாக ஈஸ்ட். கீழே சொல்பவை எல்லாம் இந்த அளவுக்கானவை.

உண்மையிலேயே நின்றுவிட்டதா?

முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும், பலரும் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். குமிழி வரவில்லை என்பது நின்றதற்கு அத்தாட்சி ஆகாது. நொதிக்க ஊற்றி வைத்த கானின் மூடி சரியாக இறுகாவிட்டால் வாயு பக்கத்தால் போய்விடும், வாயு வெளியேற மாட்டிய குழாய் வழியாகக் குமிழி வராது. போத்தல் வாயில் பலூன் மாட்டுகிறவர்கள் அதில் ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மூடியைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீரைத் தடவினால் கசிகிற இடத்தில் நுரை கட்டும், சைக்கிள் ரியூப்பில் ஓட்டை பார்ப்பது போல.

அப்புறம் ருசி. முதல்நாள் ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் எடுத்து, ஈஸ்ட் போடுவதற்கு முன்பே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சந்தேகம் வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்கலாம். பானையில் உள்ளது இனிப்புக் குறைந்து நாக்கில் மெல்லக் குத்தினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நான் ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு போத்தல் எடுத்து வைப்பேன். செலவில்லாத அளவுகோல்.

செலவழிக்க மனமிருந்தால் ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள். கண்ணாடிக் குழாய், அடியில் பாரம், நடுவில் இலக்கங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டால் 1.000 காட்டும். சீனி கூடக்கூட மேலே எழும்பும். மேலே சொன்ன கணக்கில் தொடக்கத்தில் ஏறத்தாழ 1.038 காட்ட வேண்டும். நொதிக்க நொதிக்க இலக்கம் இறங்கும். நான் 1.032 அளவில் குளிருக்குள் தள்ளிவிடுவேன். இந்தக் கருவி பொதுவாக 20 பாகை செல்சியஸுக்கு அளந்து செய்யப்பட்டது. நம் குசினியில் 30 பாகையில் அளந்தால் உண்மையான அளவைவிட 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும். அதனால் எப்போதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் அளவெடுங்கள். நுரைக்குமிழி ஒட்டியிருந்தால் கருவியை ஒருமுறை சுழற்றிவிட்டுப் பாருங்கள். நம் வெப்பத்தில் 12 மணித்தியாலம் இடைவிட்டு எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்து, நாக்கும் இனிப்பு என்றே சொன்னால், அப்போதுதான் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சூடு

என் முதல் பானை நின்றது இதனால்தான். வைகாசி மாதம், வீட்டுக்கு ஆட்கள் வரவிருந்தார்கள். தடித்த அலுமினியப் பானையில் பாணி காய்ச்சி இறக்கினேன். இரண்டு மணித்தியாலம் கழித்துப் பானையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று நினைத்து ஈஸ்ட்டைப் போட்டேன். விளிம்பு ஆறியிருந்தது, நடு ஆறவில்லை. ஈஸ்ட்டை 35 முதல் 40 பாகை வரையான தண்ணீரில் ஊறவைக்கலாம். 50 பாகையைத் தாண்டினால் சாகத் தொடங்கும், 60இல் ஒன்றும் மிஞ்சாது. அன்று நான் அதை அவித்திருக்கிறேன். இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் புளித்த வாடை வந்த பிறகு ஊற்றினேன். வந்தவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர்தான்.

அன்றிலிருந்து பாணியை நன்றாகக் கலக்கிவிட்டு, கழுவிய கரண்டியால் நடுவிலிருந்து கொஞ்சம் எடுத்து மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்க்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர்போல, சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது, 30 பாகைக்குக் கீழே வந்ததும் போடுங்கள். அவசரமென்றால் பானையைக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய அகன்ற சட்டிக்குள் இறக்கி, தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள். அரை மணித்தியாலத்தில் ஆறிவிடும்.

ஈஸ்ட் போட்ட பிறகும் சூடு துரத்தும். தகரக் கூரையின் கீழ் மதியம் இரண்டு மணிக்கு நிற்கும் வெக்கை உங்களுக்குத் தெரியும். வெதுப்பக ஈஸ்ட் 25 முதல் 32 பாகை வரை நன்றாக வேலை செய்யும். 38, 40 என்று ஏறினால் முதலில் வெறிபிடித்ததுபோல நுரைக்கும், பிறகு திடீரென்று களைத்து நின்றுவிடும். மணமும் கெடும், பெயின்ட் வாடை மாதிரி ஒன்று அடிக்கும். கானை நிலத்தில், ஓலைக் கொட்டிலுக்குள் அல்லது மரநிழல் விழும் சுவரோரம் வையுங்கள். அகன்ற பாத்திரத்தில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அதற்குள் கானை நிறுத்தி, நனைத்த சாக்கைச் சுற்றி, சாக்கின் நுனி தண்ணீரில் தொடும்படி விடுங்கள். சாக்கு தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும், காற்று அதை உலர்த்தும்போது கான் குளிரும். சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்று காய்ந்திருப்பதால் இது மிக நன்றாக வேலை செய்யும். மாரியில், காற்றே ஈரமாக இருக்கும்போது, பெரிய பலன் இல்லை. ஆனால் அப்போது தேவையும் இல்லை.

மார்கழி, தை இரவுகளில் நிலைமை தலைகீழ். வாடைக்காற்று அடிக்கும் நாட்களில் சீமெந்து நிலத்தில் வைத்த கான் சோம்பிவிடும். இது பிழையல்ல, மெதுவாகத்தான் நடக்கும். ஒரு பலகைமேல் தூக்கி வைத்து, பழைய சாரம் ஒன்றைச் சுற்றி, இன்னொரு நாள் கூடக் கொடுங்கள்.

தண்ணீர்

வெள்ளம் வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள். அது அவசியமான வேலை. ஆனால் அந்தக் கிழமை அள்ளிய தண்ணீரில் ஈஸ்ட் சிரமப்படும். குழாய்த் தண்ணீரிலும் குளோரின் உண்டு. கால் மணித்தியாலம் மூடாமல் கொதிக்க வையுங்கள், அல்லது அகன்ற பாத்திரத்தில் இரவு முழுவதும் திறந்து வையுங்கள், துணி மட்டும் போட்டு. குளோரின் காற்றோடு போய்விடும். கானையும் போத்தலையும் வெளிற்றும் திரவம் போட்டுக் கழுவுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வாடை போகும்வரை கொதித்தாறிய தண்ணீரால் அலசாவிட்டால், அடியில் தங்கிய அந்தக் கொஞ்சமே ஈஸ்ட்டைக் கொல்லப் போதும்.

அடுத்தது கல்லுத்தண்ணீர். உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது சுண்ணாம்பின் உறவுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேலால் ஊற்றி எடுத்தால் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். மிச்சத்தைத் தேசிக்காய் பார்த்துக்கொள்ளும். ஈஸ்ட்டுக்குச் சற்றுப் புளிப்பான இடம் பிடிக்கும், பி.எச். 4 முதல் 5 வரை (இந்த இலக்கம் குறையக் குறையப் புளிப்புக் கூடும்). கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும் என்பதால் உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். என் கிணற்றுக்கு மூன்று தேசிக்காய். அக்காவின் வளவுக் கிணற்றுத் தண்ணீருக்கு நாலரை வேண்டியிருந்தது.

இப்போது வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் பல ஊர்களில் ஆர்.ஓ. எனும், நுண்சவ்வில் வடித்த தண்ணீர் வாங்கித்தான் குடிக்கிறோம். குடிக்க நல்லது. இஞ்சி பியருக்கு அது மட்டும் போதாது. வடிகட்டும்போது கல்சியம், மக்னீசியம் எல்லாம் போய்விடுவதால், வெறும் வெள்ளைச் சீனியும் ஆர்.ஓ. தண்ணீரும் சேர்ந்தால் ஈஸ்ட்டுக்குத் தின்னச் சீனி இருக்கும், உடம்பு வளர்க்க எதுவும் இருக்காது. அதோடு நொதிக்கும்போது புளிப்பு தானாகக் கூடும். அதைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் ஆர்.ஓ. தண்ணீரில் இல்லை. பி.எச். 3க்குக் கீழே விழுந்தால் ஈஸ்ட் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடும். பாதிக்குப் பாதி கொதித்தாறிய கிணற்றுத் தண்ணீரைக் கலப்பதுதான் எனக்குச் சரிவந்தது. கேத்திலில் படியும் அதே கல்லுத்தண்ணீர் இந்த இடத்தில் உதவிக்கு வருகிறது. ஏற்கெனவே நின்றுவிட்ட பானை பல் கூசும் அளவுக்குப் புளித்தால், கால் தேக்கரண்டிக்கும் குறைவாக அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து விடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து ருசி பார்த்து, தேவையென்றால் இன்னொரு சிட்டிகை. கூடிவிட்டால் சவர்க்கார ருசி வரும், அதைத் திருத்த வழியில்லை.

சவர்த் தண்ணீர்க் கிணறு என்றால் அதில் செய்யவே வேண்டாம். ஈஸ்ட் தாங்கினாலும் உங்கள் நாக்கு தாங்காது.

சாப்பாடு

மோல்ட் என்ற முளைகட்டிய பார்லியில் செய்யும் பியருக்கும் நம் சீனியில் செய்யும் இஞ்சி பியருக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பார்லிச் சாற்றில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைதரசன், விற்றமின், தாதுப்பொருள் எல்லாம் உண்டு. வெள்ளைச் சீனியில் இவை ஒன்றும் இல்லை. வெறும் சோற்றை மட்டும் போட்டு ஒருவரை வயலுக்கு அனுப்பினால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? பானையும் அப்படித்தான், நன்றாகத் தொடங்கி நடுவில் நின்றுவிடும். அவித்த முட்டை வாடை வந்தால் அதுவும் இந்தப் பஞ்சத்தின் அடையாளம். சத்துக் கிடைத்ததும் வாடை தானாகப் போய்விடும்.

பாயாசத்துக்குப் போடும் பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) ஒரு கைப்பிடி எடுத்து, சுடுதண்ணீரில் கழுவி, நறுக்கிப் போடுங்கள். எண்ணெய் பூசிய பிளம்ஸ் என்றால் இரண்டு தரம் கழுவ வேண்டும். வெள்ளைச் சீனியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து அதற்குப் பதில் பனங்கட்டி போடலாம். நிறம் கறுக்கும், ருசி இன்னொரு தினுசாக இருக்கும், எனக்கு அது பிடிக்கும். பனங்கட்டியை முதலிலேயே பாணியோடு கொதிக்க வைத்து வடியுங்கள், குட்டானில் வருவதில் ஓலைத் தும்பும் மண்ணும் இருக்கும். இவை இரண்டையும்விட வலுவான சத்து ஒன்று உண்டு: செத்த ஈஸ்ட். ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டைக் கொஞ்சத் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பானைக்குள் ஊற்றுங்கள். உயிருள்ள ஈஸ்ட் அதைத் தின்று தேறும். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ருசியில் ஒன்றும் தெரியாது.

சீனி கூடினாலும் நிற்கும். லீற்றருக்கு 250 கிராமைத் தாண்டிய பாணியில் ஈஸ்ட்டின் உடம்பிலுள்ள தண்ணீரையே சீனி வெளியே இழுத்துவிடும், ஊறுகாய்ப் பரணிக்குள் உப்பு செய்வதைப் போல. நின்றுபோன பானைக்குள் இன்னும் சீனியைக் கொட்டாதீர்கள். கூடிவிட்டது என்று தெரிந்தால் கொதித்தாறிய தண்ணீர் விட்டு ஐதாக்குங்கள்.

இன்னொரு தடை கடைப் போத்தலுக்குள் இருந்து வரும். தேசிக்காய் விலையேறிய ஒரு மாதத்தில் தேசிக்காய்க் கோடியல் வாங்கி ஊற்றினேன். நாலு நாளாகியும் ஒரு குமிழி இல்லை. போத்தலைத் திருப்பிப் பார்த்தால் சோடியம் பென்சோயேற்று சேர்த்தது என்று பொடி எழுத்தில் இருந்தது. ஈஸ்ட்டும் பூஞ்சணமும் வளராமலிருக்கத்தான் அதைப் போடுகிறார்கள். அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. பதப்படுத்தும் பொருள் விழுந்துவிட்ட பானையைத் திருத்த முடியாது. ஐஸ் போட்டு அப்படியே சர்பத்தாகக் குடித்து முடியுங்கள்.

ஈஸ்ட்

வேண்டுமென்றேதான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். சூடும் தண்ணீரும் சாப்பாடும் சரியில்லாத பானைக்குள் புது ஈஸ்ட்டைப் போட்டால் அதுவும் பழையதன் வழியேதான் போகும்.

காய்ந்த ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். அரைக் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே மண்ணிறமாக நுரை எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் அந்தப் பைக்கற்றை மறந்துவிடுங்கள். கடைகளில் ஈஸ்ட் வெயில் படும் தட்டில் மாதக்கணக்கில் கிடக்கும். பாண் போடும் வெதுப்பகத்தில் கேட்டு வாங்கினால் புதிதாகக் கிடைக்கும், அவர்களுக்கு அது நாளாந்தம் ஓடுகிற சாமான். வாங்கியதை இறுக்கமான போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

ஈஸ்ட் வாங்காமல் இஞ்சியிலேயே வளர்த்தெடுக்கிறவர்களும் உண்டு. இரண்டு கோப்பைத் தண்ணீரில் நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சியும் ஒரு மேசைக்கரண்டி சீனியும் போட்டு வந்தால், நம் வெக்கையில் நாலாம் நாள் நுரைக்கத் தொடங்கும். இஞ்சித் தோலில் இருக்கும் காட்டு ஈஸ்ட்டும் இலக்றிக் அமில பற்றீரியாவும் சேர்ந்த கூட்டம் அது. தோல் சீவாமல் போடவேண்டும். கொழுத்துப் பளபளக்கும் இறக்குமதி இஞ்சியில் எனக்கு இரண்டு முறை ஒன்றுமே எழும்பவில்லை, சிறிய, காரமான உள்ளூர் இஞ்சியில் ஒருமுறையும் தவறவில்லை. இங்கிலாந்தில் இஞ்சி பியருக்கென்றே வீட்டுக்கு வீடு கைமாறி வந்த இதேபோன்ற ஒரு ஈஸ்ட், பற்றீரியாக் கூட்டத்தைப் பிரித்தறிந்து 1892இல் விரிவாக எழுதியவர் ஹரி மார்ஷல் வார்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு, 1880இல், கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த இலைத்துரு நோயை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்டவரும் இவர்தான். இஞ்சி பியர் போடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கள்ளு மண்டியை விடலாமா என்று கேட்பார்கள். அப்பத்துக்கு விடுகிறோம், மா பொங்குகிறது, உண்மைதான். ஆனால் அதில் ஈஸ்ட்டோடு புளிப்பு பற்றீரியாக்களும் நிறைய வரும். அப்பம் ஒரு இரவில் சுட்டு முடிகிறது, பானை இரண்டு நாள் நிற்கிறது. இஞ்சி மணம் போய்க் கள்ளு மணம் வந்துவிடும். நான் விடமாட்டேன்.

திரும்ப எழுப்புதல்

காரணத்தைக் கண்டு நீக்கிவிட்டீர்கள். இப்போது முதலில் கானை மெல்லச் சுழற்றிவிடுங்கள், குலுக்க வேண்டாம். அடியில் படிந்து தூங்கும் ஈஸ்ட் மேலே கலந்தாலே சில பானைகள் எழும்பிவிடும். ஆறு மணித்தியாலம் பாருங்கள்.

எழும்பாவிட்டால் புது ஈஸ்ட், ஆனால் நேரடியாகக் கொட்டக் கூடாது. மிளகாய்க் கன்றை நாற்றுமேடையின் நிழலிலிருந்து பிடுங்கி நேரே நடுவெயிலில் நட்டால் வாடிவிடும் என்பது நமக்குத் தெரியும். நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்கித்தான் நடுகிறோம். ஈஸ்ட்டுக்கும் அந்தப் பழக்கம் வேண்டும், புளிப்பும் அற்ககோலும் இருக்கிற பானை அதற்கு வெயில்.

காலையில், சுடுதண்ணீரால் அலசிய பெரிய ஜாம் போத்தலில் 200 மில்லிலீற்றர் கொதித்தாறிய வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, ஒரு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட்டும் போடுங்கள். கால் மணித்தியாலத்தில் நுரை வந்ததும் நின்றுபோன பானையிலிருந்து 200 மில்லிலீற்றர் எடுத்து அதற்குள் ஊற்றுங்கள். மூடியை இறுக்காமல் மேலே வையுங்கள். ஒரு மணி, இரண்டு மணித்தியாலத்தில் திரும்ப நுரைக்கும். நுரைத்ததும் இன்னொரு 400 மில்லிலீற்றர். இதுவும் நுரைத்தபிறகு, நுரை உச்சத்தில் இருக்கும்போதே, முழுவதையும் பானைக்குள் சேர்த்துவிடுங்கள். அடங்கியபிறகு ஊற்றினால் பாதிப் பலன்தான். நடுவில் எந்தக் கட்டத்தில் நுரைக்காமல் நிற்கிறதோ, தடை இன்னும் பானைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர், புளிப்புப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

காற்றைப் பற்றி ஒன்று. ஈஸ்ட்டை முதன்முதல் போடும்போது ஒட்சிசன் தேவை. கொதித்த தண்ணீரில் அது இருக்காது என்பதால், தேத்தண்ணி ஆற்றுவதுபோலப் பாணியை இரண்டு பாத்திரத்துக்கிடையில் நாலைந்து தரம் ஆற்றி ஊற்றுங்கள். ஆனால் ஒருமுறை நொதித்துப் பாதியில் நின்றதை ஆற்றாதீர்கள். அற்ககோலும் காற்றும் சேர்ந்தால் வினாகிரி பற்றீரியாவுக்கு விருந்து.

அந்த வினாகிரி மணம் ஏற்கெனவே வந்துவிட்டால் எழுப்புவதை விட்டுவிட்டு, துணி கட்டி, வினாகிரியாகவே போகவிடுங்கள். மேலே மெல்லிய வெள்ளை ஆடை மட்டும் என்றால் வழித்தெடுக்கலாம். பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்தில் பூஞ்சணம் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், ஊற்றுங்கள்.

கனடாவில் இருக்கும் மச்சான் போன மார்கழியில் இதே கேள்வியோடு தொலைபேசி எடுத்தார். அங்கே வீட்டுப் பாவனைக்குப் பியர் செய்யச் சட்டம் விடுகிறது, அவர் மோல்ட் வாங்கி நிலவறையில் செய்கிறார். 1.050இல் தொடங்கியது 1.020இல் ஒரு கிழமையாக அசையவில்லை. நிலவறையில் 15 பாகை. அவருடைய ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 வரை வேண்டும். கானை மேல்மாடிக்குத் தூக்கி, மெல்லச் சுழற்றிவிட்டு, மூன்று நாள் தொடாமல் இருக்கச் சொன்னேன். 1.012க்கு இறங்கி நின்றது, அந்தப் பியருக்கு அதுதான் சரியான முடிவு. மோல்ட்டில் செய்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும். பார்லியை ஊறவைத்த வெப்பநிலை 70 பாகைக்குக் கிட்டப் போயிருந்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய சீனிகள் உருவாகிவிடும். அங்கே ஈஸ்ட்டில் ஒரு பிழையும் இல்லை, தின்னக்கூடியதைத் தின்று முடித்துவிட்டது. எவ்வளவு புது ஈஸ்ட் போட்டாலும் இறங்காது.

போத்தலில் அடைக்கும்போது

நின்றுபோன பானையின் உண்மையான ஆபத்து இங்கே இருக்கிறது. பொங்கவில்லை என்று நினைத்துக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து அலுமாரிக்குள் வைப்பார்கள். மூன்று நாள் கழித்துச் சூடு ஏறியதும் தூங்கிய ஈஸ்ட் எழும்பும். உள்ளே சீனி முழுவதும் அப்படியே இருக்கிறது, வாயுவுக்குப் போக வழியில்லை. எங்கள் வீட்டில் ஒரு இரவு அப்படி வெடித்த போத்தலின் துண்டு எதிர்ச் சுவரில் குத்தி நின்றது. பக்கத்தில் யாரும் படுத்திருக்கவில்லை என்பதை இன்றுவரை நினைத்துக்கொள்வேன். திரும்ப எழுப்பிய இஞ்சி பியரைக் கண்ணாடிக்குள் அடைக்கவே அடைக்காதீர்கள். சோடா வந்த தடித்த பிளாஸ்டிக் போத்தல் போதும். வாயில் நாலு விரல் இடம் விட்டு மூடி, வெளியே நிழலில் வைத்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விரலால் அமத்திப் பாருங்கள். அமத்தினால் உள்ளே போகாமல் கல்லுப்போல இறுகியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள். கரண்ட் போய்ப் பெட்டி சூடானால் ஈஸ்ட் திரும்ப எழும்பும், அப்போது ஒவ்வொரு மூடியையும் மெல்ல நெகிழ்த்தி வாயுவை விட்டுத் திரும்ப இறுக்குங்கள். ஐந்து நாளுக்குள் குடித்து முடித்துவிடுங்கள். முதல் போத்தலை முற்றத்தில் வைத்துத் திறப்பது நல்லது.